திறப்பைத் திருகினால் ஒரு ‘டிக்’: பழைய காம்பர் வானின் ஸ்ராட்டர் கோளாறுகள்

இலண்டனில் 40 வருடங் கடந்த வாகனம் வைத்திருப்போருக்கு ஒரு விநோதமான யோகம் வாய்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 ஆந் திகதி யூலெஸ் வலயம் மாநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டபோது, பத்து வருடமே ஓடிய டீசல் கார்களின் சொந்தக்காரர் பலர் நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ் கட்ட நேர்ந்தது. ஆனால் 1978 ஆம் வருடத்து வொக்ஸ்வாகன் காம்பர் வான் ஒன்று ‘வரலாற்று வாகனம்’ என்ற வகுப்பிலே பதியப்பட்டிருந்தால் அதற்கு அந்தக் கட்டணம் இல்லை. வீதி வரியும் இல்லை. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வாகனமாயின், 2018 மே 20 ஆந் திகதியிலிருந்து எம்.ஓ.டி. பரிசோதனைகூடக் கட்டாயமில்லை.

இந்தக் கடைசிச் சலுகைதான் சற்று யோசிக்க வைக்கிறது. எம்.ஓ.டி. பரிசோதகர் ஸ்ராட்டரைப் பரிசோதிப்பவரல்லர் என்பது உண்மைதான். என்றாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது வாகனம் மேலே தூக்கப்பட்டு, அனுபவமுள்ள ஒருவர் ரோச் லைற்றுடன் அதன் அடிவயிற்றைப் பார்த்துவிடுவார். அறுந்துபோகும் நிலையிலுள்ள வயரும், உப்புப் பிடித்த முடிச்சும் அப்போது கண்ணிற் படும். இப்பொழுது பல வான்களுக்கு அந்தப் பார்வையும் இல்லாமற் போய்விட்டது. பார்க்கவேண்டிய பொறுப்பு சொந்தக்காரரின் தலையிலே வந்து விழுந்திருக்கிறது.

கோவிற் குடும்பங்களுக்குக் காம்பர் வான் ஏன் பிடிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஈலிங் அம்மன் தேருக்குப் போனால், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமும் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க மேசையும் கூடவே வரும். வேல்ஸில் கார்மார்தன் பக்கமுள்ள ஸ்கந்த வேல் ஆச்சிரமத்துக்குப் போவதானால் ஒரு வழிக்கே 200 மைலுக்கு மேல் ஓட வேண்டும். அதிகாலைப் பூசை காண விரும்புவோருக்கு வானிலே படுத்தெழும்புவது வசதி. ஆபத்தும் அந்தத் தூரத்திலேதான் இருக்கிறது. வீட்டு வாசலில் ஸ்ராட் ஆகாத வான் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். எம் 4 நெடுஞ்சாலையின் மெம்பரி தரிப்பிடத்தில் இரவு ஒன்பது மணிக்கு, சலரோக நோயாளியான அம்மம்மாவும் இரண்டு சிறு பிள்ளைகளும் உள்ளே இருக்க, ஸ்ராட் ஆகாமல் நின்றுவிடும் வான் வேறு விஷயம்.

மெம்பரியை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. இலண்டனிலிருந்து அறுபது எழுபது மைல் இடைவிடாது ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், தேநீருக்கென்று ஒரு கால் மணி நேரம் நிறுத்தும் இடம் அது. பழைய வொக்ஸ்வாகன் வான்களுக்கே உரிய வியாதி தலைகாட்டுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். காலையில் வீட்டில் ஒரே திருகலில் ஓடத் தொடங்கிய எஞ்சின், இப்போது திறப்பைத் திருகினால் ஒரு ‘டிக்’. அல்லது அதுவும் இல்லை. அரை மணி பொறுத்து எஞ்சின் ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல ஓடத் தொடங்கும். மறுநாள் கராச்சுக்குக் கொண்டுபோனால் அங்கே நோய்க்குறி எதுவும் தெரியாது. ‘எதற்கும் ஸ்ராட்டரை மாற்றிவிடுவோம்’ என்பார்கள். நூறு இருநூறு பவுண் செலவழித்து மாற்றியபின் அடுத்த பிரயாணத்தில் அதே ‘டிக்’ மீண்டும் கேட்கும். நோயாளியின் கதையைக் கேளாமல் மருந்தெழுதுவது போன்ற வேலை இது.

நோய் விளங்க வேண்டுமானால் உறுப்பின் தொழில் விளங்க வேண்டும். ஸ்ராட்டருக்கு இரண்டு மின் வழிகள் உண்டு. ஒன்று பெரு நாடி: பற்றறியிலிருந்து நேராக ஸ்ராட்டருக்கு வரும் விரற்பருமனான கேபிள். எஞ்சினைச் சுழற்றும்போது அதிலே 100 முதல் 200 அம்பியர் வரை பாயும். மற்றது சிறு நாடி: திறப்பைத் திருகும்போது இக்னிஷன் சுவிற்சிலிருந்து ஸ்ராட்டரின் தலையிலுள்ள சொலனொயிட்டுக்குச் செய்தி கொண்டுபோகும் மெல்லிய வயர். சொலனொயிட் ஒரு மின்காந்தம். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. சிறு பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பிளைவீலோடு கோத்துவிடுகிறது. அந்தத் தள்ளலின் முடிவில் பெரு நாடியின் செப்புத் தொடுமுனைகளை இணைத்து மோட்டரைச் சுழல விடுகிறது. கேட்கும் ‘டிக்’ சொலனொயிட்டின் குரல். ஆகவே அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்பதே பரிசோதனையின் முதற்படி.

சத்தமே இல்லை, முன் விளக்குகளும் எரியவில்லை என்றால் பற்றறி இறந்துவிட்டது, அல்லது அதன் முனைப்பிடி கழன்றிருக்கிறது. விளக்குகள் பிரகாசமாக எரிகின்றன, திறப்பைத் திருகினால் அவை சிறிதும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் செய்தி சொலனொயிட்டுக்குப் போய்ச் சேரவில்லை. சுவிற்சையும் சிறு வயரையும் தேட வேண்டும். ‘டிக் டிக் டிக்’ என்று இயந்திரத் துப்பாக்கி போலச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பற்றறி இளைத்துவிட்டது. சொலனொயிட் இழுக்கிறது, மோட்டர் மின்னைக் கேட்கிறது, வோல்ற்றளவு விழுகிறது, சொலனொயிட் கைவிடுகிறது, வோல்ற்றளவு எழுகிறது, மறுபடி இழுக்கிறது. கனமான ஒரே ஒரு ‘டிக்’, பின் மௌனம் என்றால் விளக்குகளைப் பார்க்க வேண்டும். அவை அணைவதுபோல் மங்கினால் பற்றறி, பெரிய கேபிள், அல்லது இறுகிப்போன மோட்டர். மங்காவிட்டால் சொலனொயிட்டுக்குள்ளே தொடுமுனைகள் கருகியிருக்கலாம், மோட்டரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். மோட்டர் ‘விர்’ரென்று சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் பற்சக்கரம் கோக்கவில்லை. எஞ்சின் வலுவாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் ஸ்ராட்டர் குற்றமற்றது. பெற்றோலையும் தீப்பொறியையும் விசாரிக்க வேண்டும்.

கையிலே ஒரு மல்ற்றிமீற்றர் இருந்தால் ஊகங்களைக் குறைத்துக்கொள்ளலாம். பதினைந்து பவுணுக்குள் வாங்கக்கூடிய பொருள் அது. முதலில் பற்றறியை அளக்க வேண்டும். வாகனம் ஓடி நின்று சில மணி நேரம் ஆறியபின் 12.6 வோல்ற் காட்டினால் அது நிறைந்த பற்றறி. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 க்குக் கீழே என்றால் வேறெதையும் சோதிக்கு முன் அதைச் சார்ஜ் பண்ண வேண்டும். பின்பு ஒருவர் முன்னே இருந்து திறப்பைத் திருக, மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். சுழலும்போது 10 வோல்ற்றுக்கு அண்மையில் நின்றால் நல்லது. 9 க்கும் கீழே சரிந்தால், 12.6 காட்டிய பற்றறியானாலும் உள்ளே சக்தியில்லாதது. இப்பரிசோதனைக்கு முன் இக்னிஷன் கொயிலுக்கு வரும் வயரைக் கழற்றி ரேப் சுற்றிவிட்டால், எஞ்சின் திடீரென ஓடத் தொடங்காமற் சுழலும். பின்னால் நிற்பவர் சால்வை, துப்பட்டா, நீண்ட கூந்தல் ஆகியவற்றை விசிறிப் பெல்ற்றுக்கு எட்டாமல் வைத்துக்கொள்வது அவசியம்.

அடுத்த பரிசோதனையைக் கராச்சுக்காரர் பலரும் செய்வதில்லை. அதனாலேயே இங்கு விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மின் எங்கே தொலைகிறது என்று தேடும் பரிசோதனை இது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நேர்முனைத் தண்டிலும் (பிடியில் அல்ல, தண்டிலேயே) மறு முனையை ஸ்ராட்டரின் பெரிய ஆணியிலும் வைத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ பிடிகளிலோ தடை இருக்கிறது. பிறகு பற்றறியின் எதிர்முனைத் தண்டுக்கும் ஸ்ராட்டரின் உடலுக்கும் இடையே அதே சோதனை. இங்கே 0.3 வோல்ற்றைத் தாண்டினால் எர்த் வழி பழுது. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 150 அம்பியர் பாயும்போது அந்த அற்பத் தடையே ஒன்றரை வோல்ற்றை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பச்சைப் படிவு ஒன்று போதும்.

வொக்ஸ்வாகன் வான்களில் எர்த் விஷயம் விசேஷமானது. எஞ்சினும் கியர்பெட்டியும் இறப்பர் தாங்கிகளின் மேல் இருக்கின்றன. இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே கியர்பெட்டிக்கும் வாகன உடலுக்கும் இடையே பின்னல் செப்புப் பட்டி ஒன்று போடப்பட்டிருக்கும். இலண்டன் தெருக்களில் குளிர்காலத்தில் தூவப்படும் உப்பு நாற்பது வருடமாக அதன்மேல் தெறித்துக்கொண்டிருக்கிறது. பட்டி அரித்துப்போனாலும் மின் வேறு வழி தேடும்: அக்ஸிலரேற்றர் கேபிள் வழியாகவும் கிளச் கேபிள் வழியாகவும் பாயும். எஞ்சினைச் சுழற்றியபின் அந்தக் கேபிள்கள் சுட்டால் நோய் நிர்ணயம் முடிந்தது. புதுப் பட்டி சில பவுண்தான். பொருத்துமிடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டித் துப்புரவாக்கி, முடுக்கியபின் வஸலீன் பூச வேண்டும்.

இனி அந்த மெம்பரி வியாதி. சிறு நாடியில் உள்ள குறை அது. திறப்பு முன்னால் இருக்கிறது, ஸ்ராட்டர் பின்னால். இடையே வயர் நாலு மீற்றருக்கு மேல் ஓடுகிறது, வழியில் சுவிற்சும் பல இணைப்புகளும் இருக்கின்றன. சொலனொயிட் இழுக்கத் தொடங்கும் கணத்தில் 30 அம்பியருக்கு மேல் கேட்கும். நாற்பது வருடப் பழைமையில் அந்த வழியின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டிருந்தால் மூன்று வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே போய்விடும். குளிர்ந்த சொலனொயிட் மிச்சமுள்ளதைக் கொண்டு சமாளிக்கும். ஆனால் எஞ்சினின் சூட்டில் செப்புச் சுருளின் தடையும் ஏறுகிறது. 20 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்போது காந்தத்தின் பலம் போதாமற் போகிறது. குளிர்ந்தபின் எல்லாம் சரிவருவதன் இரகசியம் இதுதான். வான் சூடாயிருந்து மறுக்கும் வேளையில் சொலனொயிட்டின் 50 ஆம் இலக்க முனையிலே அளந்து பார்த்தால், திறப்பைத் திருகும்போது 8 வோல்ற்றுக்கும் குறைவாகக் காணப்படும்.

பரிகாரம் ஸ்ராட்டருக்கு அருகே 40 அம்பியர் ரிலே ஒன்று வைப்பது. பழைய சிறு வயர் இனிச் சொலனொயிட்டைச் சுமக்காது, ரிலேயை மட்டும் தட்டியெழுப்பும். அதற்கு அரை அம்பியர்கூட வேண்டாம். பழைய வயர் ரிலேயின் 86 ஆம் முனைக்கு. 85 ஐ எர்த்துக்கு. பற்றறியின் நேர்முனையிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயர் 30 க்கு. 87 இலிருந்து சொலனொயிட்டின் 50 க்கு. இரண்டு மணி நேர வேலை. செலவு ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் காசுக்குள் அடங்கும். பியூஸை மாத்திரம் எவரும் விட்டுவிடக்கூடாது. பெற்றோல் குழாய்களுக்குப் பக்கத்தில் பியூஸ் இல்லாத நேர் வயர் உரசித் தேய்ந்தால் தீப்பிடிக்கும். காற்றால் குளிரும் பழைய வொக்ஸ்வாகன் வான்கள் எரிந்துபோன கதைகள் நிறைய உண்டு. அவற்றிற் பலவற்றுக்கு வெடித்துப்போன பழைய பெற்றோல் குழாய்களே காரணம். கீழே படுத்துப் பார்க்கும்போதே அவற்றையும் பார்த்துவிடலாம்.

ஸ்ராட்டரை மாற்றியே தீரவேண்டியிருந்தால் இன்னொன்று. பழைய வகை ஸ்ராட்டரின் தண்டு முனை கியர்பெட்டிக்குள் பதித்த சிறு பித்தளை வளையமொன்றில் சுழல்கிறது. ‘புஷ்’ என்பார்கள். ஸ்ராட்டரை மாற்றுபவர் இதையும் மாற்றாவிட்டால் புது மோட்டரும் சாய்ந்து சுழன்று உரசி விரைவிலே சாகும். கராச்சிலே ‘புஷ் மாற்றினீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டால், அங்குள்ளவர்களுக்குத் தொழில் தெரியுமா என்பதும் வெளிச்சமாகிவிடும்.

பெட்போர்ட், கொமர் போன்ற பழைய பிரித்தானிய வான்கள் சிலவற்றில் சொலனொயிட் தனியாக உடற்பகுதியில் பூட்டப்பட்டிருக்கும். பற்சக்கரம் சுழற்சியின் வேகத்தால் தானாக முன்னே பாயும். அங்கே அது பிளைவீலில் சிக்கிக்கொள்வது வழக்கமான கோளாறு. திறப்பை எடுத்துவிட்டு, கியரில் வைத்து, வானை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

காம்பர் வானுக்கு மாத்திரம் உரிய வில்லங்கம் இரண்டாவது பற்றறி. உள்ளே விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் இணைத்து, நின்றவுடன் பிரிக்க ஒரு ரிலே. அந்த ரிலே ஒட்டிக்கொண்டால், அல்லது முன்பு வானை வைத்திருந்தவர் தமது கெட்டித்தனத்தால் இரண்டையும் நேரே இணைத்து வைத்திருந்தால், இரவிலே குளிர்பெட்டி எஞ்சின் பற்றறியையும் சேர்த்துக் குடித்துவிடும். 12 வோல்ற்றில் ஓடும் சாதாரணக் குளிர்பெட்டி 8 அம்பியர் எடுக்கும். எட்டு மணி நேரத்தில் 64 அம்பியர் மணி, அதாவது ஒரு முழுப் பற்றறி. அம்மம்மாவின் இன்சுலினுக்காகத்தான் இரவு முழுதும் ஓடவிட்டோம் என்பார்கள். பாவனையிலுள்ள இன்சுலின் பேனாக்களிற் பெரும்பாலானவை 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நாலு கிழமை கெடாதிருக்கும். பெட்டியிலுள்ள தாளைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு குளிர்பெட்டியை நிறுத்திவிடலாம். அவருக்கு வழியிலே வேண்டியது நேரத்துக்கு உணவு. வான் நின்றுவிட்டால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். மாத்திரையோ ஊசியோ ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். பிஸ்கற்றும் பழச்சாறும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கைவேலைக்கு இறங்குமுன் நகைகளைக் கழற்ற வேண்டும். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி, குனியும்போது முன்னே தொங்கும் தாலிக்கொடி யாவும். ஸ்பானர் ஒரு முனையிலும் மோதிரம் மறு உலோகத்திலும் பட்டால், பொன் மின்னை நன்றாகக் கடத்தும் காரணத்தாலேயே, மோதிரம் கணத்தில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றி வளையமாக ஆழமாய்ச் சுட்டுவிடும். பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வருவதால் அதற்கருகே சிகரெற்றும் தீக்குச்சியும் ஆகாது. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கழுவாமல் புறப்படுவது தவறு. வேறொரு வாகனத்திலிருந்து மின் எடுப்பதானால் சிவப்புக் கேபிளை இரண்டு நேர்முனைகளிலும் பூட்டி, கறுப்பை நல்ல பற்றறியின் எதிர்முனையிலும், கடைசி முனையை இறந்த பற்றறியில் அல்லாமல் அந்த எஞ்சினின் வெறும் உலோகத்திலும் பூட்டுவது முறை. ஸ்க்ரூ டிரைவரை ஸ்ராட்டரின் முனைகளுக்குக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க ஓட்டுவதைச் சிலர் வீரமென்று நினைக்கிறார்கள். வான் கியரில் இருந்தால் அது கீழே கிடப்பவர்மேலேயே ஏறும். நெடுஞ்சாலையோரத்தில் எதையும் பழுதுபார்க்கக்கூடாது. இடதுபக்கக் கதவால் எல்லோரும் இறங்கித் தடுப்பு வேலிக்கு அப்பால் நின்று உதவி கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு இவ்வளவு ஆரவாரம் சிரிப்பை மூட்டலாம். ஒஸ்ரின் ஏ 40 க்கும் மொறிஸ் மைனருக்கும் ஹாண்டில் அடித்து ஸ்ராட் பண்ணியவர்கள் அவர்கள். ஆனால் அந்த ஹாண்டில் சாதுவானதல்ல. எஞ்சின் எதிராக உதைத்தால் மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்திலே ஆரை எலும்பின் முனை உடையும். மருத்துவ நூல்கள் அந்த உடைவுக்குச் சாரதி முறிவு என்றே பெயரிட்டிருக்கின்றன. பெருவிரலை மடக்கிப் பிடிக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்து அடிக்க வேண்டும் என்று பழைய சாரதிகள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்ராட்டர் 1912 ஆம் வருடத்துக் கடிலாக் கார்களில் வந்தபின்பே அந்த முறிவு படிப்படியாக அருகியது. பேர்மிங்காம் லூக்காஸ் கம்பனியோடு சேர்ந்து ரி.வி.எஸ். குழுமம் 1961 இல் தொடங்கிய லூக்காஸ் ரி.வி.எஸ். சென்னைப் பாடியிலே ஸ்ராட்டர் மோட்டர்களைச் செய்துவருகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பெற்றோலுக்கும் பற்றறிக்கும் தடை வந்தபோது குடாநாட்டிலே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முதற் பற்றுதலுக்கு மட்டும் சில துளி பெற்றோல் ஊற்றி, தள்ளி ஸ்ராட் பண்ணினார்கள். அந்தப் பழக்கம் இங்கும் உதவும். கைக்கியர் உள்ள வானானால், திறப்பைப் போட்டு, இரண்டாங் கியரில் கிளச்சை மிதித்தபடி மெல்லிய இறக்கத்திலே ஓடவிட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் பற்றும். சூட்டினால் மறுக்கும் ஸ்ராட்டருக்கு இது நல்ல தற்காலிக வழி. பற்றறி முற்றாக இறந்திருந்தால் மட்டும் சரிவருவது கடினம். பழைய டைனமோ தன் எஞ்சிய காந்தத்தைக் கொண்டு தானே மின்னைத் தொடக்கிவிடும், ஆல்டர்நேற்றருக்கோ தொடங்கச் சிறிது பற்றறி வேண்டும். ஹைகேற் முருகன் கோவிலுக்குப் போகும் ஆர்ச்வே றோட்டின் சரிவைக் கண்டு எவருக்கும் ஆசை வரக்கூடாது. எஞ்சின் ஓடாதவரை பிரேக் பூஸ்ரருக்கும் வலு இராது. மிதிப்பது கல்லை மிதிப்பது போலிருக்கும்.

வருகிற கோடைக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில், பற்றறி முனைகளைத் துப்புரவாக்கி, எர்த் பட்டியைக் கையால் அசைத்துப் பார்த்து, இரண்டு சோதனைகளின் எண்களையும் ஒரு கொப்பியிலே திகதியுடன் எழுதிவைக்கலாம். அடுத்த வருடத்து எண்களை அவற்றோடு ஒப்பிட உதவும். எஞ்சின் ஓடும்போதும் அணையாமல் எரியும் சிவப்பு விளக்கைப் பற்றி அடுத்த இதழில்.